பாங்காக் கடைவீதிகள்: எதை, எங்கே, எப்படி வாங்குவது?

சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மணி நேர விமானப் பயணத்தில் அடையக்கூடிய பெருநகரம் பாங்காக். அங்கே செல்லும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் கோயில்களுக்கும் ஆற்றுப் படகுக்கும் அடுத்தபடியாகக் கடைவீதியே இடம்பெறுகிறது. செலவுக் கணக்கிலோ அதுவே பெரும்பாலும் முதலிடம் பிடித்துவிடுகிறது. பல மாதங்கள் சேமித்த பணத்தை நான்கு நாட்களில் செலவிடும்போது, எந்தப் பொருளுக்கு எந்த இடம் உகந்தது என்பதையும், பணத்தை எவ்வடிவில் கொண்டுசெல்வது நலம் என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

வார இறுதிச் சந்தை

நகரின் வடபகுதியில் உள்ள சட்டுசாக் சந்தை சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களிலும் முழு அளவில் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான கடைகள் 27 பிரிவுகளாக அமைந்துள்ளன. ஆடைகள், பீங்கான் பாண்டங்கள், மரவேலைப் பொருட்கள், செடிகள், பழம்பொருட்கள் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி உண்டு. வழி தவறுவது இங்கே இயல்பு. எனவே நடுவிலுள்ள மணிக்கூண்டைக் குடும்பத்தினர் சந்திக்கும் இடமாகக் குறித்துக்கொள்வது நல்லது. மேம்பால ரயிலில் மோ சிட் நிலையத்தில் இறங்கினால் சந்தை நடைதூரமே. வெயில் ஏறுமுன் காலையிலேயே சென்றுவிடுதல் நலம். பிடித்த பொருளைக் கண்டவுடன் விலை பேசி முடித்துவிடுங்கள். 'திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று நகர்ந்தால் அக்கடையை மீண்டும் கண்டுபிடிப்பது கடினம்.

ஆடைகளுக்குப் பிரத்துநாம்

'நீர்வாயில்' என்று பொருள்படும் பிரத்துநாம் பகுதி ஆயத்த ஆடைகளின் மொத்த வணிகத்துக்குப் பெயர்பெற்றது. இங்குள்ள பிளாட்டினம் ஃபேஷன் மால் குளிரூட்டப்பட்ட பல மாடிக் கட்டடம். ஒரே கடையில் மூன்று உருப்படிகள் போன்ற எண்ணிக்கையில் வாங்குவோருக்குப் பல கடைகள் மொத்த விலையைத் தருகின்றன. ஆகவே உறவினர்களுக்கான அன்பளிப்புகளைப் பல கடைகளில் ஒவ்வொன்றாக வாங்காமல், ஒரே கடையில் சேர்த்து வாங்குவதே சிக்கனம். அளவு பார்த்து மாற்றித் தரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பதையும் நினைவில் கொள்க.

விலை நிர்ணயிக்கப்பட்ட பெரிய வணிக வளாகங்களை நாடுவோருக்குச் சயாம் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி ஏற்றது. 1973இல் திறக்கப்பட்ட சயாம் சென்டரும், 2005இல் திறக்கப்பட்ட சயாம் பாராகானும் அடுத்தடுத்து உள்ளன. சாவ் பிரயா ஆற்றங்கரையில் 2018இல் திறக்கப்பட்ட ஐகான்சயாம் வளாகத்தின் கீழ்த்தளத்தில், மிதக்கும் சந்தையை ஒத்த அமைப்பில் தாய்லாந்தின் பல மாகாணங்களுக்குரிய உணவுகளும் கைவினைப் பொருட்களும் ஒருங்கே கிடைக்கின்றன.

பழைய நகரின் வீதிகள்

1782இல் முதலாம் இராமா மன்னர் புதிய தலைநகரை அமைத்தபோது, அரண்மனைக்காகத் தேர்ந்த இடத்தில் வாழ்ந்த சீன வணிகர்கள் சம்பெங் பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். அன்று தோன்றிய குறுகிய சந்து இன்றும் மொத்த வணிகச் சந்தையாகவே விளங்குகிறது. பொத்தான், பாசிமணி, நாடா, பொம்மை, எழுதுபொருள் முதலியவற்றைக் கட்டுக்கட்டாக இங்கே வாங்கலாம். சம்பெங்கின் மேற்கு முனையை அடுத்துள்ள பாஹுரத், இந்திய வணிகர்கள், குறிப்பாகச் சீக்கியர், நிலைபெற்ற துணிச் சந்தை. நம்மூர்ப் பலசரக்கும் சைவ உணவும் அங்கே கிடைக்கும்.

தமிழருக்கு நெருக்கமான மற்றொரு பகுதி சீலோம் வீதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இவ்வீதியில் உள்ளது. ரத்தின வணிகர்களின் கடைகளும் இப்பகுதியில் மிகுதி.

பொன்னும் மணியும்

சீனர் குடியிருப்பான யாவராட் வீதியில் சிவப்பு வண்ணப் பொற்கடைகள் வரிசையாக நிற்கின்றன. தாய்லாந்துத் தங்கத்தின் தூய்மை 96.5 விழுக்காடு, நம் 22 காரட் தங்கத்தின் தூய்மையோ 91.6 விழுக்காடு. அங்கே நாணயத்தின் பெயரும் தங்கத்தின் எடையளவும் 'பாட்' என்ற ஒரே சொல்லே. ஆபரணத் தங்கத்தில் ஒரு பாட் என்பது 15.16 கிராம்; அதாவது இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. தங்க வணிகர் சங்கம் அறிவிக்கும் அன்றைய விலையைக் கடைகள் பலகையில் எழுதி வைக்கின்றன. அதனுடன் செய்கூலி மட்டும் சேரும். ஆயினும் ஆபரணத்துக்கான தனிச் சுங்கச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்கே உரியது. சில நாட்கள் சுற்றுலா சென்று வருவோருக்கு அது பொருந்தாது. இவ்வேறுபாட்டை அறியாமல் சங்கிலி வாங்கியவர், கடையில் மிச்சப்படுத்தியதைவிட விமான நிலையத்தில் அதிகமாகக் கட்ட நேரலாம்.

ரத்தினக் கற்களில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாகத் தேவை. மாணிக்கமும் நீலமும் பட்டை தீட்டுவதில் தாய்லாந்து உலகப் புகழ் பெற்றது. அப்புகழையே மூலதனமாக்கும் மோசடியும் பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. அரண்மனை வாயிலருகே நன்கு உடுத்திய ஒருவர், 'இன்று விடுமுறை. அரண்மனை திறக்கப்படாது' என்பார். சொற்பக் கட்டணத்தில் ஊர் சுற்றிக் காட்ட 'துக்துக்' எனும் மூன்று சக்கர வண்டி ஒன்று காத்திருக்கும். இடையில் ஒரு கற்கடையில் நிறுத்தி, 'அரசின் சிறப்புத் தள்ளுபடி இன்றோடு முடிகிறது. உங்கள் ஊரில் இருமடங்கு விலைக்கு விற்கலாம்' என்பார்கள். ஊர் திரும்பி மதிப்பிடும்போதுதான் உண்மை விளங்கும். கல்லைப் பற்றிய அறிவு இல்லாதவர் மறுவிற்பனை இலாபம் கருதி வாங்கவே கூடாது. தரச் சான்று கோருங்கள், வற்புறுத்தினால் வெளியேறுங்கள். சுற்றுலாக் காவல் துறையின் தொலைபேசி எண் 1155.

பணம் செலுத்தும் முறை

புறப்படுமுன் உங்கள் அட்டை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். 2020 அக்டோபர் முதல், புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயல்பாகச் செயல்படுகின்றன. வெளிநாட்டு வசதியை வாடிக்கையாளரே செயல்படுத்த வேண்டும். அப்போதே ஒரு வரம்பையும் நிர்ணயித்துவிடுங்கள்.

கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போது, 'ரூபாயிலா, பாட்டிலா?' என்று இயந்திரம் கேட்கக்கூடும். பாட்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் தொகை தெரிவது வசதியாகத் தோன்றினாலும், அம்மாற்று விகிதத்தில் கூடுதல் கட்டணம் அடங்கியிருப்பதே வழக்கம். ஏ.டி.எம்.களில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் உள்ளூர் வங்கி 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும். எனவே சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுப்பது இழப்பு. சந்தைகளுக்கு ரொக்கம், வளாகங்களுக்கு அட்டை என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. நாணய மாற்றுக்கு விமான நிலையத்தைவிட நகருக்குள் உள்ள உரிமம் பெற்ற நிலையங்களில் நல்ல விகிதம் கிடைக்கும்.

வரியைத் திரும்பப் பெறுதல்

தாய்லாந்தில் மதிப்புக் கூட்டு வரி 7 விழுக்காடு. சுற்றுலாப் பயணிகளுக்கு வரி திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடைகளில், ஒரே நாளில் ஒரே கடையில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கியவர், வரியில் சேவைக் கட்டணம் போக எஞ்சியதைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி உரிய படிவத்தைப் பெற வேண்டும். பின்னர் கேட்டால் கிடைக்காது. வாங்கிய 60 நாட்களுக்குள் பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். சுங்க அதிகாரி பொருளைப் பார்க்க விரும்பலாமாகையால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்குமுன் சுங்கப் பகுதிக்குச் செல்லுங்கள்.

புத்தர் உருவங்களையும் பழம்பொருட்களையும் எடுத்துவர, தாய்லாந்து நுண்கலைத் துறையின் அனுமதி தேவை. மின் சிகரெட்டுகள் அங்கும் இங்கும் தடை செய்யப்பட்டவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஊர் திரும்பியதும் ரசீதுகளைக் கணக்கு அறிக்கையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அறியாத பற்று ஏதேனும் இருப்பின் காலந்தாழ்த்தாது வங்கிக்குத் தெரிவியுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டு வசதியையும் அன்றே நிறுத்திவிடுங்கள். அதன்பின் பெட்டியைத் திறந்து பொருட்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.