மாவு மில்லில் மெயின் போர்டு எங்கே இருக்க வேண்டும்?

மளிகைக் கடையோடு மாவு மில், மசாலா அரைவை என்று தொழிலை விரித்திருக்கும் வணிகர்கள் நம்மிடையே ஏராளம். மில் போடும்போது பல்வரைசருக்கும் மோட்டாருக்கும் நாலு இடம் ஏறி இறங்கி விலை விசாரிக்கிறோம். ஆனால் சுவிட்ச் போர்டு, ஸ்டார்ட்டர் விஷயத்தை எலக்ட்ரீஷியன் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அவரும் கேபிள் செலவு மிச்சமாகட்டும் என்று மிஷினுக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

மாவும் வெடிக்கும்

மூட்டையில் இருக்கும் மாவில் தீ எளிதில் பற்றாது. அதே மாவு காற்றில் பறக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருக்கிறது. மூடிய அறையில் போதிய அளவு தூசு பறந்து, ஒரு பொறியும் கிடைத்தால், நொடியில் எல்லாம் சேர்ந்து எரிந்து சுவரையே தள்ளிவிடும். கோதுமை, ஸ்டார்ச், சர்க்கரை மட்டுமல்ல, மிளகாய், மஞ்சள் போன்றவற்றின் நுண்தூளும் எரியக்கூடியதே.

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவு ஆலை 1878 மே 2-ல் வெடித்து 18 பேர் மாண்டார்கள். அது பழைய காலம் என்று ஒதுக்க முடியாது. 2008 பிப்ரவரி 7-ல் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். சர்க்கரை போகும் பெல்ட்டை அதற்கு முந்தைய ஆண்டுதான் தகடு போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே தூசு சேர்ந்தது. சூடேறிய ஒரு பேரிங்கே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. முதல் வெடிப்பின் அதிர்ச்சியில், தரையிலும் உத்தரத்திலும் படிந்து கிடந்த தூசு கிளம்பி அடுத்தடுத்து வெடித்தது. பெருஞ்சேதம் அதனால்தான். பொறி மட்டுமல்ல, வெறும் சூடே போதும் என்பது இதில் நமக்குப் பாடம்.

இடத்தைப் பிரித்துப் பாருங்கள்

தூசுள்ள இடங்களை மூன்று மண்டலங்களாகப் பிரிப்பது உலக வழக்கம். தூசு எப்போதும் பறந்துகொண்டிருக்கும் இடம் மண்டலம் 20. அரைவை மிஷின், சைக்ளோன், தூசுப் பை ஆகியவற்றின் உட்புறம் இதில் சேரும். வேலை நடக்கும்போது அவ்வப்போது தூசு கிளம்பும் இடம் மண்டலம் 21. மாவு கொட்டும் வாய், மூட்டை பிடிக்கும் இடம் போன்றவை. எப்போதாவது, சிறிது நேரம் மட்டும் தூசு கிளம்பக்கூடிய இடம் மண்டலம் 22.

சாதாரண எம்.சி.பி., கான்டாக்டர் எல்லாம் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் உள்ளே பொறி விடுபவை. அது அவற்றின் இயல்பு, பழுதல்ல. ஆகவே முதல் யோசனை, பொருளை மாற்றுவதல்ல, இடத்தை மாற்றுவது. மெயின் போர்டையும் ஸ்டார்ட்டரையும் சுவருக்கு அப்பால், தூசு வராத அறையில் வையுங்கள். கேபிள் சுவரைத் துளைத்து வரும் ஓட்டையை நன்றாக அடைத்துவிடுங்கள். நாலு மீட்டர் கேபிள் கூடினாலும் விசேஷப் பெட்டியின் விலையோடு பார்த்தால் லாபமே.

உள்ளே வைத்தே தீர வேண்டியவை

மோட்டார், விளக்கு, நிறுத்தும் பட்டன் ஆகியவை உள்ளேதான் இருக்க வேண்டும். அவற்றை வாங்கும்போது பெயர்த்தகட்டைப் படியுங்கள். ஐ.பி. எண்ணின் முதல் இலக்கம் தூசுத் தடுப்பைக் காட்டும்: 6 என்றால் தூசு நுழையவே நுழையாது, 5 என்றால் கொஞ்சம் நுழையலாம். மாவுக்கு மண்டலம் 21-ல் 6 வேண்டும். 22-ல் 5 போதும்.

ஐ.பி. எண் மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. பொருளின் வெளிப்பக்கம் அதிகபட்சம் எத்தனை டிகிரி சூடாகும் என்பதும், எரியும் தூசுக்கென்று சோதித்த சான்றும் தகட்டில் இருக்க வேண்டும். இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ்./ஐ.இ.சி. 60079, பகுதி 31.

"பிளேம்புரூப் பெட்டி, எதற்கும் தாங்கும்" என்று சொல்லிக் கனமான இரும்புப் பெட்டியைத் தலையில் கட்டுவதும் உண்டு. அது பெட்ரோல், கேஸ் ஆவிக்காகச் செய்த பெட்டியாக இருக்கலாம். தூசுக்கும் ஏற்றது என்று தகட்டில் குறிப்பு இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

நல்ல பெட்டியும் கெட்டுப்போகும்

விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் வேண்டாத துளை போட்டாலும், அளவு சேராத கேபிள் கிளாண்ட் மாட்டினாலும் தூசு உள்ளே போய்விடும். லூஸான டெர்மினல் சூடேறும். மோட்டார் மேல் படியும் மாவு போர்வை மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். படிவு 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் என்று வைத்துத்தான் சூட்டுக் கணக்கே போடுகிறார்கள். ஆகையால் தினமும் சுத்தம் செய்வது அவசியம். ஆனால் காற்றடித்து ஊதக் கூடாது, அது தூசை மறுபடி பறக்க விடும். தானியம் விழும் வழியில் காந்தம் வைத்தால் ஆணி, இரும்புத் துண்டு மிஷினுக்குள் போகாது. மிஷின் உடம்புக்கு எர்த் கட்டாயம்.

இதையெல்லாம் லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே செய்ய வேண்டும். புது மில் போடுகிறவர்கள் சுவர் எழுப்புவதற்கு முன்பே போர்டுக்கு இடம் ஒதுக்குவது நல்லது. ஏற்கெனவே மில் நடத்துகிறவர்கள் நாளைக் காலை கடை திறந்ததும் ஒன்று செய்யலாம்: மெயினை ஆஃப் செய்து, எலக்ட்ரீஷியனை விட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே மாவு படிந்திருந்தால், அந்தப் பெட்டியை இனி அந்த இடத்தில் வைத்திருக்கக் கூடாது.