ஒரு லாட் துணியும் மூன்று ஃபைல்களும்

திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் ஒரு லாட் துணிக்குச் சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏறிய நிறத்தை உரித்துவிட்டு மறுபடி சாயம் போட வேண்டும். உரிப்பதற்குக் காஸ்டிக் சோடாவும் ‘ஹைட்ரோ’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டும் தேவை. ஹைட்ரோ டிரம்மில் ஈரம் புகுந்தால் தானே சூடேறி, மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடைக் கக்கும்; தீப்பிடிக்கவும் செய்யும். பிறகு இரண்டாம் முறை சாயம். அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு சேர்ப்பார்கள். அத்தனையும் கழிவுநீரோடுதான் போகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாதவர்களுக்கே தொழில். எனவே அந்த உப்பை நீரிலிருந்து பிரிக்க நீராவியும் மின்சாரமும் இன்னொரு தடவை செலவாகும். கெட்டது ஒரு லாட்தான்.

பல ஆலைகளில் இது மூன்று ஃபைல்களில் மூன்று கதையாகக் கிடக்கும். தரம் பார்ப்பவரிடம் ‘ஷேடு ரிஜெக்ட்’. பாதுகாப்பு அதிகாரியிடம் கையில் காஸ்டிக் பட்ட ஒருவரின் முதலுதவிப் பதிவு. சுத்திகரிப்பு நிலையத்தில் ‘உப்பு அளவு கூடுதல்’. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதே இல்லை. ஒருங்கிணைந்த மேலாண்மை முறை வேண்டும் என்பது இதற்காகத்தான்.

காகித வேலை இப்போது சுலபம். தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9001 வந்தது 1987இல். சுற்றுச்சூழலுக்கான 14001 1996இல். தொழிலாளர் பாதுகாப்புக்கான 45001 2018இல். ஆளுக்கொரு அமைப்பாக இருந்த தரநிலைகளுக்கு 2012இல் பொதுவான சட்டகம் வகுக்கப்பட்டது. 9001, 14001 இரண்டின் 2015 பதிப்புகளும் 45001உம் அந்த அச்சில் வந்தவை. மூன்றிலும் ஆவணக் கட்டுப்பாடு 7.5, உள் தணிக்கை 9.2, நிர்வாக மறுஆய்வு 9.3. ஒரே நடைமுறை, ஒரே ஆடிட் திட்டம், ஒரே கூட்டம் போதும்.

பெரும்பாலோர் இதோடு நின்றுவிடுகிறார்கள். மூன்று கையேடுகளையும் சேர்த்து பைண்டு செய்து, வரவேற்பறையில் சான்றிதழை மாட்டினால் முடிந்தது. ஆனால் கவனிக்க வேண்டிய இடம் இந்தத் தரநிலைகளின் 8ஆம் பிரிவு: வேலை நடக்கும் இடம். விலை குறைவென்று வேறு கம்பெனிச் சாயத்தை வாங்கும்போது, ஷேடு சரியாக வருமா, எடைபோடுகிறவருக்கு ஆபத்துண்டா, கழிவுநீரில் என்ன சேரும் என்ற மூன்று கேள்விகளும் ஒரே படிவத்தில் இருக்கின்றனவா? அந்தப் படிவத்தைப் பார்த்தாலே ஒருங்கிணைப்பு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

முறையை ஒன்றாக்குகிறோம் என்று ஆட்களையும் குறைத்து, எல்லாவற்றையும் தர மேலாளர் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. வாங்குபவரின் புகார் தினமும் போனில் வரும். டிரம்மில் இறங்கும் ஈரம் யாரையும் கூப்பிடாது. அவர் எதைக் கவனிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

45001இல் மட்டும் உள்ள ஒரு விதி 5.4: தொழிலாளரைக் கலந்து பேச வேண்டும். அதைத் தரத்துக்கும் கழிவுநீருக்கும் சேர்த்தே பயன்படுத்தலாம், தடையேதுமில்லை. சாயம் ஏன் திட்டாக ஏறியது என்று மெஷின் ஆபரேட்டரை அதட்டாமல் கேட்டால், ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில், சாயம் துணியில் பிடிக்கச் சேர்க்கும் சோடாவைச் சிறுகச் சிறுகப் போடாமல் மொத்தமாகக் கொட்டியதை அவரே சொல்லிவிடக்கூடும்.