ஒரே கொசு, வேறு வேறு உடல்கள்

கும்பகோணம் என்றால் வெற்றிலையோடு யானைக்காலும் சேர்ந்தே நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. காவிரிக் கழிமுகத்து ஊர்களின் தேங்கிய சாக்கடைகளில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் அந்நோயின் புழுவைப் பரப்புவது.

ஒரே திண்ணையில் படுத்து, ஒரே கொசுக்களிடம் கடிபட்டு வளர்ந்த அண்ணன் தம்பி இருவரை எண்ணிப் பாருங்கள். அண்ணனின் கால் தூண்போல் வீங்கியிருக்கிறது. தம்பிக்கு, வெளிப்பார்வைக்கு, ஒரு குறையுமில்லை. நள்ளிரவில் இருவரின் விரலிலும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து உருப்பெருக்கியில் நோக்குவோம். (இப்புழுவின் குஞ்சுகள் இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வரும், அந்தக் கொசு கடிக்கும் நேரமும் அதுதான்!) தம்பியின் இரத்தத்தில் நுண்புழுக்கள் நெளிகின்றன. அண்ணனின் இரத்தத்திலோ பெரும்பாலும் ஒன்றும் இராது.

இது என்ன விந்தை?

நூல் போன்ற தாய்ப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து நுண்புழுக்களை ஈனுகின்றன. தம்பியின் உடல் இவ்விருந்தாளிகளுடன் ஒருவகைச் சமாதானம் செய்துகொண்டுவிட்டது. போரிட வேண்டிய வெள்ளணுக்களை அடக்கிவைக்கும் இரசாயனச் செய்திகள் அவனிடம் மிகுதி. அண்ணனின் வெள்ளணுக்கள் அடங்கவில்லை, புழுவை எதிர்த்தன. அந்தப் போரில் நிணநீர்க் குழாய் அழன்று பழுதுற்றது. வடியாத நீர் காலில் தேங்கியது. வயற்சேற்றில் வெடித்த விரலிடுக்கு வழியே பாக்டீரியங்களும் புகுந்து வீக்கத்தை வளர்த்தன. ஆக, நாம் நோய் என்று காண்பதில் ஒரு பங்கு புழுவின் வேலை. மறுபங்கு உடலின் மறுமொழி.

இன்னும் சிலருக்கு அம்மறுமொழி எல்லை மீறிவிடுகிறது. இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகப் பெருகி, நுண்புழுக்களை நுரையீரலில் தாக்க, இரவெல்லாம் இருமலும் இழுப்பும் வரும். ஆஸ்துமா என்றே பலமுறை தவறாகக் கருதப்படுவது இது.

மனிதருக்கு மனிதர் ஏன் இந்த வேறுபாடு? பரம்பரைக்கும் கொசுக்கடியின் அளவுக்கும் இதில் பங்குண்டு. அதைவிட வியப்பானது தாயின் பங்கு. கருவுற்ற தாயின் உடலில் புழு இருந்தால், குழந்தை கருவிலேயே அதற்குப் பழகிவிடக்கூடும். கென்யாவில் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கருவிலேயே இத்தகைய புழுக்களை உணர்ந்த குழந்தைகளுக்குப் பிறந்தபின் பி.சி.ஜி. ஊசி போட்டபோது, வெள்ளணுக்களின் எதிர்ப்பு மற்றக் குழந்தைகளைவிட மிகக் குறைவாக இருந்தது. ஊசி ஒன்றுதான், அதை ஏற்ற உடலுக்கு முன்கதை வேறு.

தம்பிக்கு வருவோம். கொசு புழுவை எடுத்துச் செல்வது பெரும்பாலும் அவனிடமிருந்துதான், அண்ணனிடமிருந்து அன்று. அதனால்தான் 2004-இல் நாடு தழுவித் தொடங்கிய திட்டத்தில், நோயற்றவராகத் தோன்றியவர்களுக்கும் வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள்.