ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: துருப்பிடித்த பெட்டிக்கு உயிர் கொடுப்பது எப்படி?

காஞ்சிபுரம் அருகே செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் இங்கே பாடிய பதிகம் ஓலையில் பிழைத்தது. ஓதுவார்களின் குரல்? 1963-ல் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தும் முன் டேப்பில் பதிவானதெல்லாம் ஸ்பூலில்தான் இருக்கும். அதைக் கேட்க மெஷின் வேண்டும். மலிவாகக் கிடைத்ததும் நேரா பிளக்கைச் சொருகிடாதீங்க.

கரண்ட்: பழைய கண்டென்சர்கள் கெட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்து சீரிஸ் பல்பு வழியாகச் சோதியுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

துரு: வெளி ஸ்குரூவைத் தேய்க்கலாம். ஹெட்டில் உப்புத்தாள் பட்டால் கதை முடிந்தது. அதன் இடைவெளியே சில மைக்ரான்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

ரப்பர்: பழைய பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும், மாற்றுங்கள். டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப்போனால் வேகம் தடுமாறும், குரல் அலையும்.

டேப்: முதலில் வேண்டாத ஸ்பூலை ஓட்டிப் பாருங்கள். டேப் கீச்சிட்டாலோ ஹெட்டில் பிசுபிசுவென ஒட்டினாலோ உடனே நிறுத்துங்கள். காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டினால் ஒலியே உரிந்து வந்துவிடும். வினிகர் வாசனை அடித்தால் அது சிதையும் அசிடேட் டேப்.

இருப்பது ஒரே பிரதி என்றால் வீட்டில் முயலாமல், ஆவணக் காப்பகத்தை நாடுவது நல்லது. மெஷின் இன்னொன்று கிடைக்கும். தாத்தா குரல் கிடைக்காது.