மூங்கில் கம்பிலிருந்து டோக்கியோ வரை

ஆண்டு மலருக்காக விளையாட்டு வீராங்கனை ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரும்படி தமிழ் ஆசிரியை கேட்டபோது, எங்கள் வகுப்பில் எழுந்த முதல் குரல் "கராத்தே, டீச்சர்!" என்பதுதான். அதற்குக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்பில் நாங்கள் பதினொரு பேர் வெள்ளை உடை தைத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் மைதானத்து வேப்பமரத்தடியில் கராத்தே பயிலத் தொடங்கினோம். ஒன்பதாம் வகுப்பில் ஐவரானோம். இன்று பத்தாம் வகுப்பில் எஞ்சியிருப்பவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர்களின் வெள்ளை உடைகள் அவரவர் வீட்டுப் பெட்டியில் உறங்குகின்றன.

கராத்தே என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு 'வெறுங்கை' என்று பொருள். ஒகினாவா தீவில் வளர்ந்த இக்கலை, 2021ஆம் ஆண்டு நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. நம் நாட்டவர் எவரும் அதற்குத் தகுதி பெறவில்லை. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டே இடம்பெறவில்லை. ஆனால் அதே டோக்கியோவில், வெறுங்கையோடு அல்ல, கையில் வாளோடு நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி களமிறங்கினாள். ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்குபெற்ற முதல் இந்தியர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. அவர்தான் பவானி தேவி. அவருடைய கதையைப் படிக்கப் படிக்க, இது எங்கள் வகுப்பு முழுவதும் அறிய வேண்டிய கதை என்று எங்களுக்குத் தோன்றியது. ஆகவே கராத்தேயை விட்டு வாளை எடுத்துக்கொண்டோம்.

மீந்திருந்த ஒரே இடம்

பவானி தேவி 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் கோயில் அர்ச்சகர், தாயார் இல்லத்தரசி. ஐந்து குழந்தைகளில் இவரே கடைக்குட்டி. பெரிய வசதியுள்ள குடும்பம் அன்று.

2004ஆம் ஆண்டு அவர் படித்த பள்ளியில் மாணவியர் ஏதேனும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தனர். ஆறு விளையாட்டுகள் இருந்தன. இவருடைய முறை வந்தபோது மற்றவையெல்லாம் நிரம்பிவிட்டன. மீந்திருந்தது வாள்வீச்சு ஒன்றே. அந்த விளையாட்டின் பெயரைக்கூட அதற்குமுன் சரியாகக் கேட்டிராத சிறுமி, "சரி, அதுவே இருக்கட்டும்" என்று பெயர் கொடுத்தார். நமக்குக் கிடைக்காமற்போன ஐந்தை எண்ணி வருந்துவதா, கிடைத்த ஒன்றைப் பற்றிக்கொள்வதா என்னும் கேள்விக்கு அவர் அன்றே விடை சொல்லிவிட்டார் எனலாம்.

மகளிர் சேபர் வாள்வீச்சு ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதும் அதே 2004ஆம் ஆண்டில்தான். ஏதென்ஸ் நகரில் மகளிர் அவ்வாளை முதன்முறை ஏந்திய ஆண்டில், சென்னையில் ஒரு சிறுமி மூங்கில் கம்பை ஏந்தினாள். ஆம், மூங்கில் கம்புதான்! மின்வாள்கள் விலை மிகுந்தவை; உடைந்தால் மாற்றுவது கடினம். ஆகையால் பயிற்சிக்கு மூங்கில் கம்பும், போட்டிக்கு மட்டும் வாளும் என்று வைத்துக்கொண்டார்கள்.

வாள்வீச்சு என்பது என்ன?

திரைப்படத்தில் காணும் கத்திச் சண்டைக்கும் இதற்கும் வெகுதூரம். இதில் மூன்று வகை வாள்கள் உண்டு. ஃபாயில் என்பது மெல்லியது. எதிராளியின் நடுவுடலை மட்டும் வாள் நுனியால் தொட வேண்டும். எப்பே சற்றுக் கனமானது. தலை முதல் கால் வரை எங்கும் தொடலாம். அதிலும் நுனி மட்டுமே பயன்படும். மூன்றாவது சேபர். இதில் நுனியாலும் தொடலாம், வாளின் விளிம்பாலும் வீசலாம். ஆனால் இடுப்புக்கு மேலே தலை, உடல், புயங்கள் ஆகியவற்றில் மட்டுமே தொட வேண்டும். குதிரைமேல் அமர்ந்து போரிட்ட வீரர்களின் வாளிலிருந்து வந்தது இது என்பர். பவானி தேவியின் வாள் இந்தச் சேபர்தான். அதன் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு.

களம் 14 மீட்டர் நீளமும், இரண்டு மீட்டருக்கு மேற்படாத அகலமும் உள்ள ஒரு பட்டை. வீராங்கனையின் மேலங்கியில் உலோக இழை கலந்திருக்கும். முதுகுப்புறம் ஒரு மின்கம்பி இணைந்திருக்கும். எதிராளியின் வாள் அங்கியில் பட்டதும் மின்சுற்று வேலை செய்து விளக்கு எரியும். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்குப் பச்சை. இரண்டும் ஒருங்கே எரிந்தால், முதலில் தாக்குதலைத் தொடங்கியவர் யார் என்று நடுவர் முடிவு செய்வார். முதற் சுற்றுகளில் ஐந்து புள்ளிகள். தோற்றவர் வெளியேறும் சுற்றுகளில் பதினைந்து புள்ளிகள். சேபரில் ஒருவர் எட்டுப் புள்ளிகளைத் தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை உண்டு. ஒவ்வொரு புள்ளியும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

எங்கள் மனத்தைக் கவர்ந்தது மற்றொன்று. போட்டிக்கு முன்னும் பின்னும் இருவரும் முகக்கவசத்தைக் கழற்றி, எதிராளிக்கும் நடுவருக்கும் வாளால் வணக்கம் செலுத்த வேண்டும். கராத்தேயிலும் நாங்கள் கற்ற முதற்பாடம் குனிந்து வணங்குவதே. நம் கொங்கு நாட்டில் சிலம்பம் சுற்றுவோரும் மண்ணைத் தொட்டு வணங்கிய பின்னரே கம்பெடுப்பர். தீரன் சின்னமலை பயின்ற சிலம்பம், 2024ஆம் ஆண்டு சனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, நம் கோவை ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றதை எத்தனை பேர் அறிவர்? போர்க்கலை எந்த நாட்டில் பிறந்தாலும் அதன் தொடக்கம் வணக்கமே போலும்!

மூன்று நிமிடத் தாமதம்

பதினான்கு வயதில் பவானி தேவி தம் முதல் பன்னாட்டுப் போட்டிக்குத் துருக்கி சென்றார். எத்தனை கனவுகளோடு சென்றிருப்பார்! ஆனால் களத்திற்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்தமையால் நடுவர் கறுப்பு அட்டையைக் காட்டினார். கறுப்பு அட்டை என்றால் போட்டியிலிருந்தே நீக்கம். வாளை வீசும் முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

காலை மணி அடித்த பின் ஓடிவந்து வாயிலில் நிற்கும் எங்களுக்கு இந்நிகழ்ச்சி நன்றாக உறைத்தது. ஆனால் அதைவிட உறைத்தது, அதன் பின்பு அவர் செய்தது. வீட்டிற்கு வந்து வாளை மூலையில் வைத்துவிடவில்லை. கேரளத்தில் தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் சேர்ந்து, வீட்டைப் பிரிந்து, பயிற்சியாளர் சாகர் லாகுவிடம் பயின்றார். 2009ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2014ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றார்.

செலவு எப்போதும் சுமையாகவே இருந்தது. மகளின் பயணத்திற்காகத் தாயார் நகைகளை அடகு வைத்ததும் உண்டு. நம் வீடுகளில் நகை என்றால் அது மகளின் திருமணத்திற்கு என்றே எடுத்து வைப்பர். அந்தத் தாய் அதை மகளின் வாளுக்காக எடுத்தார் என்று படித்தபோது எங்களுள் சிலர் பேசாமல் இருந்துவிட்டோம்.

பின்னர் கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளையின் உதவி கிடைத்தது. இத்தாலியின் லிவோர்னோ நகருக்குச் சென்று நிக்கோலா சனோட்டி என்னும் பயிற்சியாளரிடம் பயின்றார். 2017ஆம் ஆண்டு ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரில் தங்கம் வென்றார். 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பராவில் நடந்த காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் மீண்டும் தங்கம். இடையில் 2019ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். அடுத்த ஆண்டு கொரோனா நோய் உலகையே முடக்கியது. ஒலிம்பிக்கும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. இவற்றையெல்லாம் தாண்டி, 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். மூங்கில் கம்பை எடுத்துப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

டோக்கியோவில் ஒரு நாள்

2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள். முதற் போட்டியில் துனிசியா நாட்டு நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்றார். ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்த போட்டியில் எதிரே நின்றவர் பிரான்சின் மனோன் புரூனே. உலகத் தரவரிசையில் முன்னணியில் இருந்தவர். 7-15 என்று பவானி தேவி தோற்றார். புரூனே அப்போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

அன்று பவானி தேவி நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். இதைப் படித்தபோது நாங்கள் திகைத்தோம். தோற்றதற்கு எதற்காக மன்னிப்பு? அவருக்கு முன் இந்தியர் எவரும் நிற்காத களத்தில் முதன்முதலாக நின்றவர், வென்றும் காட்டியவர், எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால், நாங்களும் அப்படித்தானே செய்கிறோம்! காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலை வீட்டில் நீட்டும்போது எங்களுள் பலர் சொன்ன முதல் சொல் "மன்னிச்சிருங்கப்பா" என்பதுதான். சென்ற முறையைவிடப் பதினைந்து மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவளும் அதையே சொன்னாள். அவள் முன்னேறினாள் என்பதை அவளே மறந்துவிட்டாள். பவானி தேவிக்கு நாடெங்குமிருந்து வந்த பதில், 'உங்களால் பெருமை கொள்கிறோம்' என்பதே. அவ்வாண்டே அவருக்கு அர்ஜுனா விருதும் வழங்கப்பெற்றது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சீனாவின் ஊசி நகரில் ஆசியப் போட்டி நடந்தது. காலிறுதியில் உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று பவானி தேவி வீழ்த்தினார். அரையிறுதியில் 14-15 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றபோதிலும், ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியாவின் முதற் பதக்கமாகிய வெண்கலத்தைக் கொணர்ந்தார். பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு அவரால் தகுதி பெற இயலவில்லை. வீரரின் வாழ்வில் வெற்றியும் தோல்வியும் விளக்கின் இரு நிறங்களைப் போல மாறி மாறி எரியும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

பெட்டியில் உறங்கும் உடைகள்

இந்தக் கட்டுரையை எங்களுள் ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மிச்சி வெற்றிலை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங் கண்ணு, பொம்பளப் புள்ளைக்குக் கத்தி எதுக்கு? மூஞ்சியில பட்டா நாளைக்கு ஆரு கட்டுவா?" என்றார். முகக்கவசம் உண்டு என்று விளக்கினோம். வேலு நாச்சியார் வாளெடுத்து, 1780இல் சிவகங்கையை மீட்டதைச் சொன்னோம். பிரான்சு நாட்டைக் காக்கப் புறப்பட்ட புனித ஜோன் ஆஃப் ஆர்க் ஏறத்தாழ எங்கள் வயதினர்தான் என்றும் சொன்னோம். அம்மிச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ளையோட ஆத்தா நகையை வெச்சாளாக்கும்? கெட்டிக்காரி" என்றார். அவர் பாராட்டியது வாள் பிடித்தவளையன்று, வாளைப் பிடிக்க விட்டவளை!

பெற்றோர்களே, எங்கள் குறையை உங்கள் மேல் மட்டும் சுமத்த விரும்பவில்லை. பொதுத்தேர்வு முக்கியம்தான். "இந்த ஒரு வருசம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நீங்கள் சொன்னபோது, நாங்களும் உள்ளுக்குள் சற்று மகிழ்ந்தே ஒப்புக்கொண்டோம். சனிக்கிழமை காலையில் சற்றுக் கூடுதலாகத் தூங்கலாம் அல்லவா! ஆனால் விட்ட நேரத்தில் நாங்கள் கூடுதலாகப் படித்ததாக நினைவில்லை. இன்றும் பயிற்சிக்குச் செல்லும் இருவரும் மதிப்பெண்ணில் எங்களுக்குப் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடிப்பதை நடுவில் நிறுத்திவிட்டால் எந்த அம்மி நகரும்?

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு மணி நேரம் எங்களுக்குத் தாருங்கள். நாங்கள் அனைவரும் ஒலிம்பிக்கிற்குச் செல்வோம் என்று வாக்களிக்க மாட்டோம். ஆனால் களத்தில் தோற்றால் எழுந்து நின்று எதிராளியை வணங்கவும், தேர்வில் குறைந்தால் அழாமல் அடுத்ததற்கு ஆயத்தமாகவும் அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கற்றுத்தரும்.

சென்ற சனிக்கிழமை, வேப்பமரத்தடியில் மறுபடியும் நால்வர் நின்றோம். பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை உடையில் அந்துருண்டை வாடை அடித்தது. கால்சட்டை கணுக்காலுக்கு மேலேறிவிட்டது. மாஸ்டர் எங்கள் கால்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வணக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்" என்றார். ஆரம்பித்தோம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு