அண்ணா தந்த அணி

எங்கள் கலந்துரையாடல்களில் நான் வழமையாகக் கேட்கும் கேள்விகளைச் சகோதரிகள் அறிவீர்கள். எப்போது இடம்பெயர்ந்தீர்கள், எத்தனை தடவை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், உழைப்பவர் யார். பதில்களும் தயங்காமல் வரும். பல நிறுவனங்களுக்கும் பல படிவங்களுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில்கள் அவை.

சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கரையோரக் கிராமத்தின் மாதர் சங்கக் கட்டடத்தில் அப்படியொரு கூட்டம். பக்கத்து மைதானத்தில் உதைபந்தாட்டப் போட்டி. ஒலிபெருக்கிக்காரர் எங்களை ஒரு வசனம் முடிக்க விடவில்லை. எரிச்சலில், "உங்களில ஆருக்காவது இந்தப் பந்து விளையாட்டில விருப்பமோ?" என்று கேட்டுவிட்டேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, அதுவரை வாய் திறக்காதவர், சொன்னார்: "விருப்பம் எண்டில்லைப் பிள்ளை. ஆனா எங்கட ஊர்க் கழகம் தோத்தா எனக்கு அண்டைக்குச் சோறு இறங்காது."

மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. அவர் 'எங்கட ஊர்' என்றது வாழ்க்கைப்பட்டு முப்பது வருடமாக இருக்கும் அந்தக் கிராமத்தை அல்ல, பிறந்த ஊரை. இரண்டு ஊர்க் கழகங்களும் மைதானத்தில் பரம எதிரிகள். கணவருக்காக உடுப்பையும் கோயிலையும் சமையலையும் மாற்றிக்கொண்டவர், கழகத்தை மட்டும் மாற்றவில்லை. ஆறு வயதில் தகப்பன் தோளில் ஏறியிருந்து பார்த்த ஆட்டமாம். "கோல் விழுந்தவுடன அப்பா துள்ளினார். நான் விழப்போனன். அவற்ற தலைமயிரை இறுக்கிப் பிடிச்சன். எண்ணெயும் உப்புத் தண்ணியும் சேர்ந்த மணம்." தகப்பன் பின்னாளில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

அன்று ஒரு மணித்தியாலம் இந்தக் கதைதான். ஒருவருக்குத் தமையன், ஒருவருக்குப் பெரியப்பா, ஒருவருக்குப் பள்ளிக்கூட வேலியால் எட்டிப்பார்த்த நாள். நான் கொண்டுபோன படிவம் வெறுமையாகவே திரும்பியது. அறிக்கையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன்.

எங்கள் பகுதியில் உதைபந்தாட்டம் ஊர்களின் ஆட்டம். நாவாந்துறை சென்.மேரிஸ், பாசையூர் சென்.அன்ரனீஸ், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல் என்று கழகத்தின் பெயரிலேயே ஊர் இருக்கிறது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழும்பிய மக்கள் தங்கள் பாடசாலைகளை வேறு ஊர்களில், பழைய பெயரிலேயே நடத்தினார்கள் அல்லவா. நிலம் கையில் இல்லாதபோது பெயரைக் கையில் வைத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல.

என்னுடைய கதையைச் சொல்லாமல் மற்றவர்களுடையதை எழுதுவது நியாயமில்லை. என்னுடைய அணி பிறேசில். சிரிக்க வேண்டாம். பிறேசில் எங்கே, நான் எங்கே என்று பல்கலைக்கழகத்திலும் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

1995 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வந்த எங்கள் குடும்பம், கடைசியில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கொட்டிலில் நின்றது. அப்பா 1999இல் நோயில் போய்விட்டார். அம்மா, அக்கா, அண்ணா, நான். 2002 மாசியில் போர்நிறுத்தம் வந்து, சித்திரையில் ஏ-9 பாதையும் திறந்தது. காணாத சாமான்கள் எல்லாம் கடைகளுக்கு வரத் தொடங்கின. அவற்றோடு மஞ்சள் நிற ரீசேட் ஒன்றும் வந்தது. பதினேழு வயது அண்ணா அதை நடைபாதைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்தபோது அம்மா சொன்ன ஒரேயொரு வார்த்தை, "மஞ்சளில ஊத்தை தெரியும்" என்பதுதான். தோய்ப்பவருக்கு அல்லவா தெரியும்.

அந்த வருடம் உலகக் கிண்ணம் யப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்தது. யூன் 30, ஞாயிற்றுக்கிழமை, யொக்கோஹாமா நகரில் இறுதியாட்டம், பிறேசிலும் ஜேர்மனியும். மின்சாரம் இல்லாத எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஜெனரேற்றர் பிடித்து, தொலைக்காட்சியை முற்றத்தில் மேசைமேல் வைத்தார்கள். மண்ணெண்ணெய்க்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு. அண்ணா தன் பங்கைக் கூட்டாளி ஒருவன் கட்டிவிட்டதாகச் சொன்னார்.

வன்னியில் அப்போது பழைய நேரம், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் புதிய நேரம் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டம் தொடங்குவது ஐந்து மணிக்கு என்றால் எங்களுக்கு நாலரை. இந்தக் கணக்கில் அண்ணா பிழைவிட்டுவிடுவாரோ என்று நான் மத்தியானத்திலிருந்தே அந்தரப்பட்டேன். பதினொரு வயது. பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாரே, அதுதான் அந்தரம்.

சைக்கிள் பாரில் இருந்து போனேன். கிறவல் ரோட்டில் பாரில் இருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். "தங்கச்சி, நாங்கள் மஞ்சள். வெள்ளை அவங்கள். விளங்கினதோ?" என்றார். விளங்கியது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

முற்றத்தில் ஆண்கள் முன்னால், பெண்பிள்ளைகள் வேலியோரம். அண்ணா என்னை முன்னுக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தன் காலடியில் இருத்தினார். யாரோ ஒரு பெரியவர், "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன பந்து" என்றார். "அவவும் பிறேசில்தான் ஐயா" என்றார் அண்ணா. அந்தப் பதிலைத்தான் நான் இன்றுவரை கொண்டு திரிகிறேன் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தில் நடந்தவற்றைப் பிறகு பல தடவை பார்த்துவிட்டேன், ஆகவே எது அன்று கண்டது, எது பின்னர் கண்டது என்று பிரிக்கக் கடினம். ஜேர்மனியின் கோல்காப்பாளர் ஒலிவர் கான் அதுவரை அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் ஒரேயொரு கோல்தான் விட்டிருந்தார். 67ஆம் நிமிடத்தில் றிவால்டோ அடித்த பந்து அவர் கையில் பட்டுத் தெறிக்க, றொனால்டோ ஓடிவந்து உள்ளே தட்டினார். 79ஆம் நிமிடத்தில் இரண்டாவது, அதுவும் றொனால்டோ. இரண்டுக்குப் பூச்சியம். ஐந்தாவது தடவையாகக் கிண்ணம்.

இந்த றொனால்டோ யார் என்பதை அண்ணா திரும்பி வரும்போது இருட்டில் சொல்லிக்கொண்டு வந்தார். 1998 இறுதியாட்டத்தன்று வலிப்பு வந்து, ஆடியும் தோற்றவர். பிறகு முழங்கால் இரண்டு தடவை உடைந்து, இனி ஓடமாட்டார் என்று பலரும் கைவிட்ட மனிதர். அவர்தான் 2002 தொடரில் எட்டுக் கோல். உண்மையில் அண்ணா இந்தக் கதையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். காலையே வெட்டவிருந்ததாகச் சொன்னார். வெட்டுவது, பொய்க்கால் என்பதெல்லாம் எங்கள் ஊரில் அன்றாடக் காட்சி, ஆகவே நான் நம்பினேன்.

அன்று நான் கவனிக்காத ஒன்றைப் பின்னர் அறிந்தேன். கிண்ணத்தைத் தூக்கிய அணித்தலைவர் கஃபூ, தன் சட்டையில் '100% ஜார்டிம் ஐரீன்' என்று கையால் எழுதியிருந்தார். அது சாவோ பாவுலோ நகரின் விளிம்பில் அவர் வளர்ந்த ஏழைக் குடியிருப்பு. மேடையில் ஏறி நின்று மனைவியின் பெயரைச் சொல்லி, உன்னை நேசிக்கிறேன் என்று கத்தினார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஊரின் பெயரையும் மனைவியின் பெயரையும் சொல்லத் தோன்றிய மனிதர்.

சமூகவியல் படித்தபோது, ஒருவர் ஒரு குழுவோடு தன்னை எப்படி இனங்காணுகிறார் என்று பல கோட்பாடுகளை எழுதிப் புள்ளி எடுத்தேன். அவற்றிலும் பார்க்க இந்த விடயத்தை எனக்கு விளக்கியது நிக் ஹோர்ன்பி என்ற ஆங்கில எழுத்தாளரின் கதை. 1992இல் வெளிவந்த 'ஃபீவர் பிட்ச்' என்ற நூலில், தான் ஆர்சனல் கழகத்தின் ஆதரவாளனான நாளை அவர் எழுதுகிறார். 1968 செப்ரெம்பர் 14. வயது பதினொன்று, என்னைப்போல. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பார்க்க வரும் தகப்பனுக்கும் மகனுக்கும் எங்கே போவது, என்ன பேசுவது என்று தெரியாத காலம். தகப்பன் லண்டனில் ஆர்சனல் ஸ்ரோக் சிற்றியோடு ஆடிய ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒன்றுக்குப் பூச்சியம், அதுவும் கோல்காப்பாளர் தடுத்த தண்டனை உதை திரும்பி வந்ததில் கிடைத்த கோல். ஆட்டம் ஒன்றும் விசேடமில்லை. சுற்றியிருந்த பெரிய மனிதர்கள் காசு கொடுத்து வந்துவிட்டு இவ்வளவு வெறுப்போடு இருக்கிறார்களே என்பதுதான் சிறுவனுக்குப் புதினமாக இருந்ததாம். ஆனாலும் அன்றிலிருந்து தகப்பனோடு பேச ஒரு விடயம் இருந்தது.

எங்கள் வீடுகளில் தகப்பன்மார் பிரிந்துபோன விதம் வேறு. ஆனால் அந்தச் சிறுவன் ஆர்சனலைத் தெரிவுசெய்யவில்லை, தகப்பனைத்தான் பிடித்துக்கொண்டான் என்பது எங்களுக்கு விளங்காத விடயமா? தோளில் இருந்து தலைமயிரைப் பிடித்த அந்த அம்மாவுக்கும் அதுதானே.

2009 மாசிக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை. இதற்குமேல் இங்கே எழுதப்போவதில்லை. உங்களில் பலருக்கு எழுதாமலே தெரியும். மஞ்சள் ரீசேட் ஓர் உரப்பையில் இருந்தது. அந்தப் பை எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்பதில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இன்றும் ஒத்துவராது. முகாமில் இருந்து வெளியே வந்தபின் நிரப்பிய படிவங்களில் உயரம், நிறம், தழும்பு, கடைசியாக உடுத்த உடுப்பு எல்லாம் கேட்டார்கள். எந்த அணி என்று ஒரு படிவத்திலும் இல்லை. நான் இன்று மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கும் படிவங்களிலும் இல்லை.

2010இல் பிறேசில் நெதர்லாந்திடம் தோற்றது. தறப்பாள் வீட்டில் வானொலியில் கேட்டேன். அடுத்த 2014 உலகக் கிண்ணம் பிறேசிலிலேயே. அரையிறுதியில் எதிரணி அதே ஜேர்மனி. எங்களுக்கு யூலை 9 அதிகாலை ஒன்றரை மணி. அம்மா நித்திரை என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தேன். 29ஆவது நிமிடத்துக்குள் ஐந்து கோல். அதில் ஒன்று, 2002 இறுதியாட்டத்தில் தோற்ற அணியில் நின்ற குளோசா அடித்தது. றொனால்டோவின் உலகக் கிண்ணக் கோல் சாதனை அந்த உதையோடு போயிற்று. முடிவு ஏழுக்கு ஒன்று.

விளக்கைப் போடாமலே அம்மா வந்து கதவடியில் நின்றார். "எத்தினை?"

"ஏழு."

"மஞ்சளுக்கோ?"

"மற்றவைக்கு அம்மா."

கொஞ்ச நேரம் நின்றார். "அவன் அறிஞ்சா நாளைக்குச் சாப்பிடமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

காணாமற் போனோரின் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் வினைச்சொற்களைக் கவனிப்பார்கள். எங்களுக்கு அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். 'அறிஞ்சிருந்தா' என்று அம்மா சொல்லவில்லை. 'அறிஞ்சா' என்றார். என் சொந்தத் தாயின் வார்த்தையை ஒரு கோவையில் குறிப்பதுபோலக் குறித்துக்கொண்டேனே என்று அன்று என்னில் எனக்கே வெறுப்பாக இருந்தது.

பெண்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின்னர் பல பத்தாண்டுகள் ஆண்களின் ஆட்டங்களுக்குப் பெண்கள் மைதானத்துள் போக முடியாதிருந்தது. 2019 ஒக்ரோபர் 10 அன்று தெஹ்ரானில் கம்போடியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் போனார்கள். ஈரான் பதினாலு கோல் அடித்தது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "எங்களை ஒருவரும் தடுக்கேல்லை, ஆனா ஒருவரும் கூப்பிடவும் இல்லை" என்றார். எங்கள் மைதானங்களின் நிலைமை ஏறத்தாழ அதுதான். கூப்பிட்டுக்கொண்டுபோக ஓர் அண்ணா இருந்தபடியால் நான் தப்பினேன்.

2002க்குப் பிறகு, 2022 வரை நடந்த ஐந்து உலகக் கிண்ணங்களிலும் பிறேசில் வெல்லவில்லை. 2022 டிசெம்பர் 9, காலிறுதியில் குரோவேசியா. எங்களுக்கு இரவு எட்டரை மணி ஆட்டம். அக்காவின் மகன், ஆறு வயது, அன்று எங்கள் வீட்டில் நின்றான். தொலைக்காட்சிக்கு முன்னால் வந்திருந்து, "சித்தி, நாங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். நான் வாய் திறக்கும் முன்னர், அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா சுளகை விட்டு நிமிராமலே சொன்னார்: "நாங்கள் மஞ்சள்."

மேலதிக நேரத்தில் நெய்மார் அடித்த கோலுக்கு அவன் துள்ளியதில் அரிசியில் பாதி நிலத்தில். முடிய மூன்று நிமிடம் இருக்கக் குரோவேசியா சமன் செய்தது. பிறகு தண்டனை உதைகள். மார்க்கினோஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனதும் பிள்ளை அழத் தொடங்கினான். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் பிறேசில் என்று ஒரு நாடு இருப்பதே தெரியாத பிள்ளை.

"மாமாவும் இப்பிடித்தான் அழுவான்" என்றார் அம்மா.

"எந்த மாமா?"

அம்மா சொல்லத் தொடங்கினார். முற்றத்து மேசை, ஜெனரேற்றர், சித்தி பாரில் இருந்து போனது. எனக்குத் தெரிந்த கதைதானே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய்க் காசு வந்ததும், "அது கூட்டாளி குடுத்தது அம்மா" என்றேன்.

"ஆர் கூட்டாளி? அடைக்கு வைச்ச முட்டை ஒன்பதையும் எனக்குத் தெரியாமல் கடையில வித்தவன். நான் காணாத மாதிரி விட்டிட்டன். உன்னையும் ஏத்திக்கொண்டெல்லோ போனவன்." சுளகைத் தட்டினார். "அந்தக் கோழி மூண்டு நாள் வெறுங்கூட்டில கிடந்தது" என்று சொல்லிச் சிரித்தார்.

மருமகன் அழுகையை நிறுத்திவிட்டான். "மாமாட்ட மஞ்சள் சட்டை இருந்ததோ அம்மம்மா?"

"இருந்தது. ஊத்தை தெரியிற சட்டை."