சர்ச்சில் கொடுக்கும் அப்பத்தை எல்லாரும் வாங்கலாமா?

ஆபீஸ் நண்பரின் கல்யாணம், சர்ச்சில். மோதிரம் மாற்றியாச்சு, கொஞ்ச நேரத்தில் பாட்டு ஆரம்பிக்கிறது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வரிசையில் போகிறார்கள். குருவானவர் வெள்ளையாக, வட்டமாக ஏதோ கொடுக்கிறார். கோயிலில் பிரசாதம் வாங்கிப் பழகிய கைக்கு, ‘நாமளும் போலாமா?’ என்று தோன்றுவது இயல்புதான். தெரியாமல் போய் நிற்பவர்களும் உண்டு.

ஆனால் அது பிரசாதம் இல்லை. கத்தோலிக்கர்கள் அதை நற்கருணை என்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் திருவிருந்து, இராப்போஜனம் என்பார்கள்.

கடைசி ராத்திரி சாப்பாடு

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு, இயேசு தன் சீடர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து அது தன் உடல் என்றும், திராட்சை ரசத்தைக் கொடுத்து அது தன் ரத்தம் என்றும் சொன்னார், தன் நினைவாக இதைச் செய்யச் சொன்னார் என்கிறது பைபிள். கடவுளே மனிதனாகப் பிறந்து, மனிதர்களின் பாவத்துக்காக உயிரைக் கொடுத்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதுதான் கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. (அந்த மூன்றாம் நாள் ஞாயிறு. சண்டே சர்ச்சுக்குப் போவது அதனால்தான்.) அந்த மொத்த நம்பிக்கையும் இந்த ஒரு வாய் அப்பத்தில் இருக்கிறது.

‘இது என் உடல்’ என்றால் என்ன அர்த்தம்? இங்கேதான் சபைகள் பிரிகின்றன. பூசையில் குருவானவர் ஜெபிக்கும்போது அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாகிறது, ருசியும் நிறமும் மட்டும் அப்படியே இருக்கும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அதனால் மிச்சத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். நற்கருணைப் பேழையில் வைத்துப் பூட்டி, பக்கத்தில் அணையாவிளக்கு ஏற்றி வைப்பார்கள். அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும், அரிசி மாவு ஆகாது. குளூட்டன் துளியும் இல்லாத அப்பம் செல்லாது என்று 2017-ல் கூட வாடிகன் நினைவூட்டியது.

அப்பம் அப்பமாகவே இருக்கும், ஆனால் கிறிஸ்து அதில் நிஜமாகவே இருக்கிறார் என்றார் மார்ட்டின் லூதர். இல்லை, அது அடையாளம் மட்டுமே என்றார் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்க்ளி. 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். 15 விஷயங்களில் 14-ல் ஒத்துப்போனவர்கள், இந்த ஒன்றில் முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். 1706-ல் தரங்கம்பாடிக்கு மிஷனரிகள் கொண்டுவந்தது லூதர் வழி. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் நினைவுகூருதலாகவே பார்க்கின்றன.

யார் வாங்கலாம்?

கத்தோலிக்க சபையில் ஞானஸ்நானம் வாங்கி, ‘புது நன்மை’ எடுத்திருக்க வேண்டும். வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது. பெரிய பாவம் செய்திருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம். சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் பெற்ற பிறகு வாங்குவதுதான் பழைய வழக்கம். பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் கேட்பார்கள்.

இதில் வெளியில் தெரியாத வலி ஒன்று உண்டு. விவாகரத்தாகி, முதல் திருமணம் செல்லாது என்று சபை அறிவிக்காமலே மறுமணம் செய்துகொண்ட கத்தோலிக்கர்கள், வாராவாரம் பூசைக்கு வந்தும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் மட்டும் வரிசையில் போவார்கள். 2016-ல் போப் பிரான்சிஸ், ஒவ்வொருவர் சூழலையும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்று வழி திறந்தார். சபைக்குள் அந்த விவாதம் அதோடு முடிந்துவிடவில்லை.

ஆக, நண்பர் கல்யாணத்தில் உட்கார்ந்த இடத்திலேயே அமைதியாக இருந்தால் போதும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பக்கத்திலேயே கிறிஸ்தவர்கள் சிலரும் உட்கார்ந்துதான் இருப்பார்கள். தெரியாமல் கையில் வாங்கிவிட்டால் பாக்கெட்டில் போட வேண்டாம், வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம். குருவானவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வெளியே கொடுக்கும் கேக் எல்லாருக்கும்தான். அதைத் தாராளமாக வாங்கிக்கலாம்.